ரத்னபாய் விற்ற துப்பாக்கி

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பெருங்கடவிளை கருணாகரனுக்கு இது நடந்தது. 1994, மழைக்காலம்.

அவர் மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் கிளறிப் போட்டுக்கொண்டிருந்தன. வெடிச்சத்தம் கேட்டால் அந்தப் பக்கமே வராது. லைசென்ஸ் இருந்தது, துப்பாக்கி இல்லை. பூவாரில் ரத்னபாய் என்ற விதவை, கணவருடைய பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியை அடிமாட்டு விலைக்குக் கொடுத்தார். பிடிக்கட்டை பிளந்திருந்தது. குழலில் ஒரு நெளிவு. விசை அசையவில்லை.

தனுவச்சபுரம் ரோட்டில் இரும்புப் பட்டறை வைத்திருந்த சதாசிவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"செய்யலாம். வெடிக்கும்போ உன் மூஞ்சிக்கு நான் பொறுப்பில்ல. யோசிச்சு சொல்லு மக்கா."

கருணாகரன் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினார். சாவி இடுப்பில். சரிசெய்வதா, திருப்பிக் கொடுப்பதா என்று சில நாள் குழம்பினார். மறுபடி பார்க்கலாமென்று திறந்தார்.

பிளந்த கட்டையைச் சுற்றி இறுக்கமாகச் செம்புக் கம்பி. புதுக் கம்பி...

மனைவி லேகாவை அழைத்தார். "சாவி உங்க இடுப்பிலதானே உண்டு?" என்றாள் அவள். அந்தப் பார்வையில் சந்தேகம் இருந்தது.

சதாசிவன்தான் வேலையைப் பிடிக்க ஏதோ செய்கிறார் என்று கருணாகரனுக்குத் தோன்றியது. பட்டறைக்குப் போனார்.

"அந்தக் கம்பி நீங்க கெட்டினதா அண்ணே?"

"எலே, வேற எவங்கிட்டயோ குடுத்திட்டு எங்கிட்ட கேக்க வந்தியா? உன் வீட்டுக்கு நான் எதுக்கு வாறேன்?"

இருவரும் ஒருவர் பேச்சை ஒருவர் நம்பவில்லை.

மறுநாள் மதியம் கருணாகரன் அலமாரிக்கு எதிரே கட்டிலில் உட்கார்ந்தார். ஆளைப் பிடித்தே தீருவது என்று.

வெளியே மழை.

உள்ளே... க்ரீச்... க்ரீச்...

இரும்பை உப்புத்தாளால் தேய்க்கும் சத்தம்.

திறந்தார். சத்தம் நின்றது.

குழலில் நெளிவைக் காணவில்லை. தொட்டார். குழல் சூடாக இருந்தது.

டக்.

விசை தானாக அசைந்தது.

அன்று மாலையே அதைச் சாக்கில் சுற்றிச் சதாசிவனிடம் கொண்டுபோனார். "சரிசெய்யாண்டாம். அறுத்துப் போடுங்க."

சதாசிவன் முறைத்தார். ஆனாலும் இரும்பு அறுக்கும் வாளை எடுத்தார். குழல் இரண்டு துண்டாக விழுவதைப் பார்த்த பிறகே கருணாகரனுக்கு மூச்சு வந்தது.

காலையில் பூவாருக்குப் போனார்.

"அக்கா, அத முதல்ல ஒடச்சது யாரு?"

ரத்னபாய் தயங்கினார். "எங்க ஆளுதானாக்கும். கோடாலிய வச்சு."

"எதுக்கு?"

"வாங்கும்போதே ஒடஞ்சுதான் இருந்து. தானா சரியாச்சு. பயந்து ஒடச்சாரு. அன்னைக்குப் படுத்தவரு எந்திக்கல்ல."

கருணாகரனுக்குச் சதாசிவன் நினைவு வந்தது. கிடைத்த பஸ்ஸில் ஏறினார்.

பட்டறை வாசலில் கறுப்புக் கொடி கட்டியிருந்தது. ஆட்கள் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு நின்றார்கள்.

ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார்.

மேசைமேல் துப்பாக்கி கிடந்தது...

முழுசாக.