வேப்பிலை கட்டிய மதாம்

வைத்திக்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் செல்லம்மாதான் சொன்னாள். "நீ ஊருக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நம்ம மதாம் போயிட்டாங்கம்மா. அடக்கமும் ஆயிடுச்சு." அதனால் ஒரு மாதம் தள்ளித்தான் இதை எழுதுகிறேன். வெள்ளைச் சீருடையில் நம் தெருக்களில் சைக்கிள் மிதித்துவந்த, நாமெல்லாம் பிரெஞ்சு மரியாதையில் மதாம் என்றே அழைத்த நர்ஸ் மதலேன் அம்மாவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐம்பத்தேழில், மதராஸில் கப்பலோடு இறங்கியதாகச் சொன்ன புதுக் காய்ச்சல் எங்கள் வீட்டுக்கும் வந்தது. என் மகனுக்கு அப்போது எட்டு மாதம். உடம்பு கொதித்தது, இருமலில் பால் இறங்கவில்லை. மதாம் வந்ததும், "வூட்ல மொதல்ல யாருக்கு வந்துச்சு? அவங்க எங்க போய் வந்தாங்க?" என்று கேட்டுப் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குறித்துக்கொண்டார். இது என்ன நோய் என்றேன். "தெரியாதும்மா. புதுசு. பெரிய டாக்டரே பாத்துப் பாத்துத்தான் கத்துக்கிறார்." சொல்லும்போது அவர் கண்ணில் ஓர் ஆவல் தெரிந்தது. அன்று எனக்கு அது பிடிக்கவில்லை.

வெறும் சளிதானே என்று அக்கம்பக்கத்தார் எங்கள் கூடத்திலேயே இருந்தார்கள். ஆளுக்கு ஆள் குழந்தையைத் தூக்கினார்கள். ஒட்டிக்கொள்ளும், தள்ளிப் போங்கள் என்று மதாம் சொல்லிப் பார்த்தார், யாரும் அசையவில்லை. மறுநாள் ஒரு கொத்து வேப்பிலையைக் கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டார். அம்மை கண்ட வீடென்று தெருவே ஒதுங்கியது.

"இது பொய் இல்லியா மதாம்?"

"நான் வாயத் தொறந்து இன்னா சொன்னேன்? வேப்பிலை சும்மா காத்தாடுது." மாதா கோயிலில் முதல் வரிசையில் உட்காருகிறவர் இப்படிச் சிரித்தார்.

அன்று மாலை தவளக்குப்பத்திலிருந்து வந்த மாமியார் வாசலைப் பார்த்தார். உள்ளே வந்து மதாம் கொடுத்திருந்த மருந்துப் புட்டியைச் சாய்த்துக் கொட்டினார். "ஆத்தா வந்த வூட்ல மருந்து குடுப்பாங்களா?" நான் உண்மையைச் சொன்னேன். "படிச்ச பேச்செல்லாம் ஆத்தாகிட்ட வேணாம்" என்று முடித்துவிட்டார்.

மறுநாள் காலையில் குழந்தையின் விலா உள்வாங்கி உள்வாங்கி எழுந்தது. மதாம் வந்து பார்த்ததும் பெனிசிலின் ஊசியை எடுத்தார். மாமியார் தொட்டிலை மறித்து நின்றார். மதாம் ஊசியை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் வேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டு வந்தார்.

"அக்கா, இது ஆத்தா இல்ல. ஆளுங்கள வெரட்ட நான்தான் கட்டினேன். தப்பு என்னுது. என்னத் திட்டுங்க, புள்ளைக்கு வழிய வுடுங்க."

"வெளாடறதுக்கு ஒனக்கு ஆத்தாதான் கெடச்சாளா?" மாமியார் திட்டித் தீர்த்தார். பிறகு மதாம் ஊசி போட, அவரே குழந்தையின் காலை அசையாமல் பிடித்துக்கொண்டார்.

மதாம் உடனே போகவில்லை. கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். "அழுவாத. ஒரு நிமிஷம் முழுசா அவன் மூச்ச எண்ணு. எனக்கும் தெரியணும்." நான் எண்ணிச் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினார். எண்கள் மெல்லக் குறைந்தன, மூச்சு சீரானது. அதே பக்கத்தின் அடியில், 'வேப்பிலை – என் தவறு' என்றும் எழுதிவைத்தார்.

மகன் இப்போது பள்ளிக்குப் போகிறான். அவன் தும்மினாலே இன்றும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடுகிறேன், அது மாறவில்லை. ஆனால் முதலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நிமிடம் எண்ணுகிறேன், அதற்குப் பிறகுதான் பயப்படுகிறேன். அந்த ஒரு நிமிடம் மதாம் எனக்குக் கொடுத்தது.