சுவரைப் பார்த்துச் செய்த வேலை

அருள்புரத்தில் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியில், ஒரு சனிக்கிழமை மதியம் அயர்னிங் டேபிளில் குட்டு உடைந்தது. எக்ஸ்போர்ட் டி-ஷர்ட்டை இழுத்து அயர்ன் செய்தால், துணியில் மெல்லிய கோடாக விரிசல். நிட்டிங் மெஷினில் ஒரு ஊசி உடைந்து, ஒரு கண்ணி நழுவி, அது ஏணிப்படி போலக் கீழே வரை இறங்கியிருந்தது. மொத்தம் நூற்றைம்பது பீஸ். எல்லாவற்றையும் செக்கிங்கில் ஓகே செய்தவர் சரஸ்வதியக்கா.

முதலாளி வந்தார்.

"ஏனுங்க சரஸ்வதி, துணிய இழுத்துப் பாக்காமயேவா ஓகே போட்டீங்க? நாளைக்குச் சாயங்காலம் பேக்கிங். இந்தப் பீஸ் ரிஜெக்ட்டுன்னா திங்கக்கெழம நீங்க வர வேண்டாமுங்க."

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் மரியாதையாகத்தான் சொல்வார்கள். சாமளாபுரத்தில் அக்கா வீட்டுத் தறி ஓடி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவர் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நழுவிய கண்ணியை எடுத்துக் கோக்க அந்தக் கம்பெனியில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். உடைந்த மெஷின் ஊசி ஒன்றைப் பேனாக் குழாயில் சொருகி வைத்திருந்தேன். அதன் கொக்கியால் கீழிருந்து ஒவ்வொரு கண்ணியாக ஏற்றி, மேலே ஒரு முடிச்சுப் போட்டால், விரிசல் இருந்த இடமே தெரியாது. யாரும் சொல்லித் தரவில்லை, தானாக வந்தது. மூன்று வருஷமாக அந்த வேலையைச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் செய்தேன். யாராவது எட்டிப் பார்த்தால் துணியை மடியில் கவிழ்த்துக்கொள்வேன். சூப்பர்வைசரே என்னிடம் தணிந்துதான் பேசுவார். அந்த மவுசு எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு பீஸுக்கு ஆறு நிமிஷம் ஆனது. இருட்டுவதற்குள் ஐம்பதுதான் முடிந்தது. அக்கா பக்கத்தில் வந்து நின்றார்.

"கண்ணு, எனக்குஞ் சொல்லிக் குடேன். நாளைக்கு ரெண்டு பேரும் உக்காந்தா முடிச்சுப்போடலாம்."

"இது கைப்பழக்கமுங்க அக்கா. சொல்லிக் குடுத்தா வராதுங்க."

கூசாமல் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். அதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

ஞாயிறு காலை கோயிலுக்குப் போனேன். எங்கள் சபையில் ஆராதனைக்கு நடுவே சாட்சி சொல்லும் நேரம் உண்டு. மாதம் ஒரு முறையாவது நான் எழுந்து, "கர்த்தர் என் விரல்களுக்கு ஞானம் கொடுத்தார்" என்று சொல்வேன். மற்றவர்கள் அல்லேலூயா சொல்வார்கள். அன்றும் பழக்கதோஷத்தில் எழுந்துவிட்டேன். வாய் வரவில்லை. கொடுத்தார் என்று சொல்லலாம். கொடுத்ததை என்ன செய்தாய் என்று அவர் கேட்டால்? "தோத்திரம்" என்று மட்டும் முனகிவிட்டு உட்கார்ந்தேன்.

ஆசீர்வாதம் முடிந்ததும் ஆராதனைக்குக் கட்டிய வெள்ளைச் சேலையோடேயே சாமளாபுரம் பஸ் ஏறினேன். அக்கா முருகன் படத்துக்குக் கீழே வெறுமனே உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தண்ணீர் எடுக்க எழுந்தார்.

"அக்கா, நேத்து நாஞ் சொன்னது பொய்யுங்க. கெளம்புங்க, சொல்லித் தர்றேன்."

அவர் செம்பை வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார்.

கம்பெனியில் ஃபிட்டரின் டப்பாவில் உடைந்த ஊசிகள் வேண்டிய மட்டும் கிடந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். பிறந்ததிலிருந்து நூல் முடிந்த கை அது. நாலாவது பீஸில் என் வேகத்தைப் பிடித்துவிட்டார். முடிச்சு என்னுடையதைவிடச் சின்னதாக விழுந்தது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது, மறைப்பானேன்.

"ஏங் கண்ணு, இத்தன நாளு செவுத்தப் பாத்தே உக்காந்திருந்தியே, கழுத்து வலிக்கலியா?" என்று கேட்டார். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். நான் தலையைத் தூக்காமல் கண்ணியை எண்ணினேன்.

ஆறரை மணிக்குக் கடைசிப் பீஸ் முடிந்தது. முதலாளி நாலைந்தை எடுத்து இழுத்துப் பார்த்தார். "சரிங்க, பேக்கிங்குக்கு அனுப்புங்க" என்றார். அக்காவின் வேலை தப்பியது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்டதாகச் சாட்சி சொல்லித் திரிந்திருப்பேன். புதன்கிழமை செக்கிங் பக்கம் போனேன். அக்கா நடுவில் உட்கார்ந்து துணியை டேபிள்மேல் அகலமாக விரித்திருந்தார். சுற்றிலும் ஐந்து பெண்கள், ஆளுக்கொரு உடைந்த ஊசி. "இங்க பாருங்க, கொக்கிய இப்பிடித் திருப்போணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அவரிடம் யாரும் கேட்கவில்லை. அவராகவே கூப்பிட்டிருக்கிறார். ஆண்டவர் கொடுத்தது என்று ஊரெல்லாம் சொன்ன நான் அதை மூன்று வருஷம் பூட்டி வைத்தேன். அக்கா மூன்று நாள்கூட வைத்திருக்கவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நானும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர்களோடு உட்கார்ந்தேன்.