ராகு காலத்தில் கிளம்பிய அக்கா

பிரசவ வலியில் துடிக்கும் மகளை, ராகு காலம் முடியட்டும் என்று நாற்காலியில் உட்கார வைத்திருக்கும் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? எங்கள் வீடுதான் அது. மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எழுப்பிய தாமான் என்னும் குடியிருப்பில் இருக்கிறது. தலைப்பிரசவத்துக்கு வந்த அக்காவை அம்மா அப்படித்தான் காக்க வைத்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கியிருந்தது. அவசரமாக அறுத்து எடுத்தார்கள். பையன் நன்றாக இருக்கிறான், வீட்டையே தலைகீழாக்குகிறான். ஆனால் இரண்டாவது குழந்தை வயிற்றில் வளர வளர, அக்காவுக்குத் தூக்கம் போய்விட்டது.

எங்கள் வீட்டில் யாரும் பயத்தை வாய்விட்டுச் சொல்வதில்லை. அக்கா சொன்னாள். அதுவும் கிளினிக்கில், அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே.

"ரெண்டாவது தானே, என்ன பயம் லா?" என்று சிரித்தார் மிஸ்ஸி. நர்ஸை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

"மொதல்ல என்ன நடந்துச்சுன்னு தெரியும் மிஸ்ஸி. அதான் பயம். வலி வந்தா எப்ப கெளம்பணும்? எங்கம்மாவுக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க."

"அறுத்த வயிறும்மா. வலி வந்தா ஒடனே வந்துரணும். நேரம் காலம்லாம் பாக்காதீங்க."

அம்மா தரையைப் பார்த்தார். எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது. சண்டை இல்லை, பழி இல்லை. ஒரே கேள்வியில் காரியத்தை முடித்துவிட்டாளே!

இன்று காலை வலி வந்தது. அம்மாவின் கண் தானாகவே நாள்காட்டிக்குப் போனது. ராகு காலம்தான். அக்கா அதற்குள் காடியில், அதான் எங்கள் காரில், ஏறிவிட்டாள்.

"அம்மா, வாரீங்களா, இல்ல காலண்டருக்குக் காவல் இருக்கீங்களா?"

"வாரேன்டி! செருப்பப் போட விடு!"

ஜோடி மாறிய செருப்புகளோடு ஓடி வந்து ஏறினார். நான் காடியை எடுத்தேன்.

"மெதுவா ஓட்டுடி, தங்கச்சி," என்றாள் அக்கா. அடுத்த வலி வந்ததும், "அதுக்குன்னு இப்படியா லா? மாட்டு வண்டியே முந்திரும்!"

வழியில் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, "பயமா இருக்கும்மா," என்றாள்.

"எனக்கும்தான்டி," என்றார் அம்மா. அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

இப்போது அக்கா பிரசவ அறைக்குள் இருக்கிறாள். குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கிறதாம்.