நான் டிக் போட்ட கட்டம்

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல், ஏறுகிறவர்களுக்கு இருக்கை பிடித்துக் கொடுப்பது என் தொழில். விருத்தாசலம் பாலக்கரையில் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் உள்ள கடை. அதற்கு முன்பு பீங்கான் தொழிற்பேட்டையில், பேக்கிங் பிரிவில் அட்டைப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் ஊரில் பீங்கான் தொழில் படித்தவர்கள் பலர் குஜராத்துக்கு, டைல்ஸ் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அவர்களும் அவர்கள் வீட்டு ஆட்களும்தான் என் வாடிக்கையாளர்கள்.

ஒரு காலத்தில் டிக்கெட் எடுத்துக் கொடுத்தால் என் வேலை முடிந்தது. இப்போது செக்-இன்னைப் பயணியே செய்துகொள்ள வேண்டும். விமான நிலையத்தில் மெஷின் துப்புகிற டேகையும் பயணியேதான் பெட்டியில் மாட்ட வேண்டும். அந்த மெஷினுக்கு முன்னால், பின்னால் நிற்கிறவரின் பெருமூச்சு கழுத்தில் படப் படத் தடுமாறியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

படத்துக்கு என்ன பாஷை

எங்கள் மாவட்டத்து மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் மேலதிகாரிக்குக் கொடுக்க ஒரு பீங்கான் யானை வாங்கியிருந்தார். அதை வேட்டியில் சுற்றி, வேட்டியைப் போர்வையில் சுற்றி, பெட்டிக்கு நடுவில் உட்கார வைத்திருந்தார். மெஷின் கொடுக்கும் டேகில் இது உடையும் பொருள் என்று போட்டிருக்குமா என்று கேட்டார். போட்டிருக்காது, அங்கே ஆளிடம்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஆளிருப்பாரா என்றார்.

பேக்கிங் வேலையில் மிச்சமான லேபிள் சுருள் ஒன்று மேசைக்கடியில் கிடந்தது. உடைந்த கண்ணாடிக் கோப்பையின் படம், கீழே தமிழில் 'கவனம், உடையும் பொருள்'. குஜராத்தில் இறக்குகிறவர்களுக்குத் தமிழ் எங்கே தெரியப்போகிறது என்று தயங்கியபடி நீட்டினேன். அவர் நான்கு பக்கமும் ஒட்டிக்கொண்டார்.

"படம் இருக்குதில்ல சார். படத்துக்கு என்னா பாஷ?"

பழைய டேக்

திட்டக்குடிக்காரர் ஒருவர் ஏழாவது முறையாகப் போகிறார். அவர் பெட்டியின் கைப்பிடியில் முந்தைய பயணங்களின் டேகுகள் எல்லாம் அப்படியே தொங்கும். போன முறை அவர் பெட்டி இரண்டு நாள் கழித்துத்தான் வந்து சேர்ந்தது. ஸ்கேனர் எந்தத் தாளைப் படித்ததோ, வேறு ஊருக்குப் போய்விட்டதாம். இரண்டு நாளும் ஒரே சட்டையில் வேலைக்குப் போயிருக்கிறார்.

கத்தரிக்கோலை எடுத்து, "பழசையெல்லாம் வெட்டிடலாங்க" என்றேன். பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கி வீடு வரைக்கும் அந்தப் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிற தூரம் அவருக்கு முக்கியம். கடைசியில் டேகுகளைக் கழற்றி, இன்னொரு பையில் பத்திரமாக வைப்பது என்று ஒரு முடிவுக்கு வந்தோம். திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே மறுபடி கட்டிக்கொள்வாராம்.

"இதெல்லாம் இல்லன்னா, நான் வேலைக்குப் போயிட்டு வரேனா, சும்மா சென்னையில சுத்திட்டு வரேனான்னு எங்க தெருவுல எவனுக்குத் தெரியும்?"

ஆட்டுக்கயிறு

கம்மாபுரம் அஞ்சலையம்மா முதன்முறையாக வந்தபோது கையில் மருமகன் அனுப்பிய டிக்கெட்டின் பிரதி மட்டும் இருந்தது. குஜராத்தில் இருக்கும் மகளுக்குத் தலைப்பிரசவம். பயணம் செய்யக் கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மருமகன் டைல்ஸ் கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். கூட இருக்க வேறு யாருமில்லை. மாடுகளை விட்டு வீட்டுக்காரரால் வர முடியாது. ஆக, புதன்கிழமை சென்னையிலிருந்து அகமதாபாத்துக்கு இந்த அம்மாள் தனியாகப் போக வேண்டும். அந்த வாரக் கடைசியில் பிரசவம் ஆகலாம் என்று நாள் சொல்லியிருந்தார்கள். விமானத்தை விட்டால் ரயிலில் இரண்டு நாள்.

சென்னை வரை துணைக்கு வரும் அண்ணன் மகனை விமான நிலைய வாசலுக்குமேல் உள்ளே விட மாட்டார்கள் என்று கேட்டதும் டிக்கெட்டின் பிரதியை என் மேசைமேல் விரித்து வைத்தார். பிறகு, "அப்ப எனக்குக் காட்டிக் குடுங்க தம்பி" என்றார்.

போய்வந்தவர்கள் சொல்லக் கேட்டதை வைத்து, ஒரு அட்டைப்பெட்டி மூடியில் மெஷினின் திரையை வரைந்தேன். சீட்டை எங்கே காட்ட வேண்டும், எந்தப் பொத்தான், டேக் எங்கிருந்து வரும் என்று காட்டினேன். லேபிள் சுருளிலிருந்து நீளமாக ஒன்றைக் கிழித்து, கைப்பிடிக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினேன். எங்கள் டைல்ஸ் பையன்கள் இதில் பாதியைக் கையிலும் மீதியைச் சட்டையிலும் ஒட்டிக்கொள்வார்கள். அவர் முதல் தடவையே சுருக்கமில்லாமல் ஒட்டினார்.

"ஆட்டுக்குக் கயிறு கட்டுனவளுக்கு இது ஒரு வேலையா தம்பி?"

எல்லாருக்கும் இதான்

செவ்வாய்க்கிழமை செக்-இன் செய்ய வந்தார், பெட்டியோடு. பெயர், இருக்கை, எல்லாம் முடிந்து ஒரு பக்கம் வரும். எதையெல்லாம் பெட்டியில் வைக்கக் கூடாது என்று பட்டியல். அதன் கீழே, இவை எதுவும் என்னிடம் இல்லை, படித்துப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன் என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் எத்தனை பேருக்காக டிக் போட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது. கை தானாகப் போகும்.

"அது என்னாங்க தம்பி, இப்ப அமுக்குனது?"

"ஒண்ணுமில்லீங்க. எல்லாருக்கும் இதான்."

"யாரு பேருல அமுக்குனீங்க?"

"உங்க பேருலதான்."

"எம்பேருல நான் எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். அவசரம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் நாற்காலியை என் மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரலை உயர்த்தவில்லை. டிக்கை எடுத்துவிட்டு, பட்டியலை முதலிலிருந்து தமிழில் சொன்னேன். அந்தப் பக்கத்தை நானும் அன்றைக்குத்தான் முழுதாகப் படித்தேன். பவர் பேங்க் என்று வந்தபோது எழுந்து பெட்டியைத் திறந்தார். வழியில் போன் அணைந்துவிடக் கூடாதென்று அண்ணன் மகன் கொடுத்ததைச் சேலை மடிப்புக்குள் வைத்திருந்தார். அதைக் கைப்பைக்கு மாற்றினோம். தீப்பெட்டி என்றேன். குழந்தைக்குச் சாம்பிராணி போடத் தீப்பெட்டியும் கற்பூரமும் ஒரு டப்பாவில் இருந்தன. டப்பாவை என் மேசைமேல் வைத்தார்.

கடைசி வரி வரை கேட்டுவிட்டு, "இப்பப் போடுங்க" என்றார். போட்டேன். பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தபோது, என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"கைய விட்டுப் போன எங்க மேட்டு நிலத்துக்குக் கையெழுத்துக் கேட்டப்பவும், 'ஒண்ணுமில்ல, எல்லாருக்கும் இதான்'னுதான் சொன்னாங்க தம்பி."

பச்சைப் பொத்தான்

மறுநாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது. அவர் மெஷின் முன்னால் நிற்கிறார். சீட்டைக் காட்டியாயிற்று. திரையில் ஏதோ படங்களும் எழுத்துமாக வந்திருக்கிறது, கீழே பச்சைப் பொத்தான். எனக்குத் தெரிந்துவிட்டது. அதே பட்டியல்தான்.

"பச்சைய அமுக்குங்கம்மா. நேத்து படிச்சதுதான்."

"நேத்து படிச்சது நேத்து. இன்னிக்கி இதுல என்னா எழுதியிருக்குன்னு நீங்க அங்கயிருந்து பாத்தீங்களா?"

கவுண்டரில் பெட்டி வாங்குவதை நிறுத்த இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது. பின்னால் ஆண்குரல்கள் கேட்டன. தெரியாதென்றால் ஓரமாகப் போகச் சொல்லி ஒருவர் கத்தினார். அமுக்குங்கள், பிள்ளைத்தாய்ச்சி அங்கே காத்திருக்கிறாள் என்று நானும் கத்தினேன். போன் அணையவில்லை. பிறகு யாரையோ, "இங்க வாம்மா கண்ணு, இத எனக்குப் படிச்சுச் சொல்லு" என்று கூப்பிடுவது கேட்டது.

வந்தது அங்கே வேலை செய்யும் பெண். முதலில் வேகமாகப் படித்தார். அஞ்சலையம்மா ஒவ்வொன்றுக்கும் "இல்ல", "இல்ல" என்று சொல்லச் சொல்ல, அந்தப் பெண்ணின் வேகம் குறைந்தது. பவர் பேங்க் என்று வந்தபோது, "அது கைப்பையில இருக்குது" என்றார். அதற்குப் பிறகு ஒரு பெட்டியின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. சற்றுப் பொறுத்து இன்னொன்று. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பச்சைப் பொத்தானை அமுக்கினாரா, டேக் வந்ததா, ஒன்றும் தெரியவில்லை. போனில் கடைசியாகக் கேட்டது அவர் குரல்தான், என்னிடம் அல்ல, பின்னால் கத்திக்கொண்டிருந்த மனிதரிடம்.

"பவர் பேங்கப் பொறுமையா எடுத்து வைங்க சார். ஒங்க பொட்டியத் தூக்கி வைக்க நான் புடிக்கிறேன்."

குஜராத்தியில் ஒரு தாள்

அதற்குப் பிறகு அவர் எண் அணைந்திருந்தது. விமானத்தில் இருப்பதால் அணைந்திருக்கலாம். விமானத்தைத் தவறவிட்டு எங்காவது ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதால் பவர் பேங்கும் தீர்ந்து அணைந்திருக்கலாம். அன்று வந்தவர்களுக்கு டிக் போடும்போதெல்லாம் நின்று நின்று போட்டேன். மேசைமேல் அவர் வைத்துவிட்டுப் போன கற்பூர டப்பா இருந்தது. நான்கு மணிக்கு மருமகன் பேசினார். அத்தை வந்துவிட்டார், பெட்டியும் வந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, டேகை யார் ஒட்டியது, இவ்வளவு நேராக இருக்கிறதே என்று கேட்டார்.

சனிக்கிழமை அவரே கூப்பிட்டார். பின்னணியில் ஆஸ்பத்திரிச் சத்தம். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிட்டார்:

"பொண்ணு பொறந்திருக்குது தம்பி, ரெண்டு உசுரும் நல்லாயிருக்குது. பேரு பதியணும்னு ஒரு தாள நீட்டுறாங்க, குஜராத்தியில இருக்குது, படிச்சுச் சொல்ல ஆளு வரட்டும்னு உக்காந்திருக்கேன்."

இப்போது நான் பட்டியலைக் கடைசி வரி வரை படித்துக் காட்டிவிட்டுத்தான் டிக் போடுகிறேன் என்பதால், அவசரக்காரர்கள் எல்லாரும் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார்கள், என் கடையிலோ எந்நேரமும் யாராவது ஒருவர் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறார்.