ரிஜிஸ்டர் விலகிய தோட்டம்

என் தம்பி மகள் வரைந்த வீடியோ கேமை வீட்டில் முதன்முதலாக விளையாடியவன் நான்தான். அது திருட்டு என்று வெளியே போய்ச் சொன்னவனும் நான்தான். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு ராத்திரிதான் இடைவெளி.

நான் சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கிற ஆப்செட் அச்சகத்தில் மிஷின் ஓட்டுகிறவன். தினமும் விருதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். படிப்பு எட்டாவதோடு சரி. மிச்சத்தை மிஷினில் ஓடிய காகிதங்களைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சந்தேகப்படக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். எங்கள் தொழிலில் சந்தேகம் என்பது கெட்ட குணத்தில் சேராது, வேலையில் சேரும். ஒரு கம்பெனிக்குப் புதிதாக மயில் போட்டு லேபிள் அடித்தோமென்றால், பெட்டி கடைக்குப் போகுமுன்னே அந்த மயில் தலையை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொண்டு அடுத்த தெரு மிஷினில் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் சீசன் நேரத்தில் டிசைன் அறைக்குப் பூட்டு. கழிவுத் தாளைக்கூடக் குறுக்கே வெட்டித்தான் வெளியே விடுவோம். வெளியில் எங்காவது நம் டிசைன் கண்ணில் பட்டால் அன்றைக்கே முதலாளியிடம் சொல்லிவிட வேண்டும். இதில் தம்பி மகள், தங்கை மகள் என்ற பேச்சுக்கே இடமில்லை.

தம்பி குடும்பம் எங்கள் வீட்டு மாடியில் இருக்கிறது. அவன் மகள் படம் வரையப் படித்துவிட்டு, கோயம்புத்தூரில் கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். ஆறு மாதம் பார்ப்போம், பிடித்தால் வேலையை நிரந்தரமாக்குவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஐந்து மாதம் முடிந்திருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். லேப்டாப்பையும் கையில் பிடித்து அமுக்குகிற ஒரு கருவியையும் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள்.

"பெரியப்பா, ஒரு கேம் வெளையாடுதீகளா?"

"எனக்கு என்னத்தா தெரியும்?"

"தெரியாதவகதான் வேணும். நீங்க எங்கன மாட்டிக்கிடுதீகன்னு நான் பாத்து எழுதணும். நான் வாயே தெறக்க மாட்டேன். நீங்களாத்தான் கண்டுபிடிக்கணும்."

எனக்கு அங்கேயே கொஞ்சம் உறுத்தியது. ஒருவனை விளையாட விட்டுவிட்டு, முதுகுக்குப் பின்னால் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து அவன் செய்வதையெல்லாம் எழுதுவது என்ன விளையாட்டு? எங்கள் அச்சகத்தில் தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் வந்தால் அப்படித்தான் எழுதுவார்.

கேமில் ஒரு சின்ன உருவம். தலையில் ரெண்டு இலை, முதுகில் ஒரு விதைப் பை. அந்தரத்தில் பாறைகள் மிதக்கின்றன. ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போக வேண்டும். தாவ முடியாத தூரமென்றால் விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, செடி வளர்ந்த பிறகு அதில் ஏறிப் போக வேண்டும். ஒரு விதை சுரைக்கொடியாகிப் பாலமாக நீளும். இன்னொன்று காளானாகி, மிதித்தால் மேலே தூக்கி எறியும். வானமோ ஒரு நிறத்தில் நிற்காது. நடக்க நடக்க ரோஸ் ஊதாவாகும், ஊதா பச்சையாகும், பாறை மூச்சு விடும், பூ கண்ணைத் திறந்து நம்மையே பார்க்கும்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த என் வீட்டுக்காரி, "ஆத்தாடி! நூத்திமூணு டிகிரி காய்ச்சல்ல வர்ற கனா மாதிரில்ல இருக்கு" என்றாள்.

நான் பூர்வீகமாக மல்லாங்கிணற்றுப் பக்கத்து மானாவாரி வெள்ளாமை செய்கிற சம்சாரி வீட்டுப் பிள்ளை. விதையைக் கையில் கொடுத்துவிட்டுத் தாவு என்றால் எப்படித் தாவுவேன்? முதல் பாறையிலேயே நின்று, இருந்த விதையையெல்லாம் வரிசை பிடித்து ஊன்றினேன். பின்னால் பேனா கிறுகிறுவென்று ஓடும் சத்தம் கேட்டது.

"என்னத்தா எழுதுத?"

பேனா நிற்கவில்லை.

"தப்பாப் பண்ணுதேனா?"

பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்குகிறாள் என்று மட்டும் தெரிந்தது.

கடைசியில் செடிகளெல்லாம் ஒன்றாகப் பூத்தன. அப்போதுதான் அதைப் பார்த்தேன். ஒவ்வொரு பூவின் விளிம்பிலும் இடப்பக்கம் சிவப்பாக ஒரு நிழல், வலப்பக்கம் நீலமாக ஒரு நிழல், மயிரிழை அளவுக்கு.

அச்சுத் தொழிலில் இதற்கு ரிஜிஸ்டர் விலகல் என்று பெயர். நான்கு நிறத்தையும் தனித்தனியாக ஒன்றன்மேல் ஒன்று அடிக்கிறோம். ஒன்று துளி நகர்ந்தாலும் படத்துக்கு இப்படி நிழல் விழுந்துவிடும். நான் பல வருடம் ஓட்டிய பழைய ரெட்டைக் கலர் மிஷினில் இதே கோளாறு உண்டு. சிவப்பு இடது பக்கம் ஒதுங்கும், நீலம் வலது பக்கம். எத்தனை மெக்கானிக் வந்தும் தீரவில்லை. பெற்ற பிள்ளையின் நடையைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்வது போல அந்த விலகலை எனக்குத் தெரியும்.

கண்ணாடி டப்பாவில் கிடந்த லென்ஸை எடுத்து லேப்டாப் திரையில் வைத்துப் பார்த்தேன். அச்சடித்த படமென்றால் லென்ஸில் புள்ளிபுள்ளியாகத் தெரியும்; இதில் அந்தப் புள்ளி இல்லை. சிவப்பு, பச்சை, நீலம் என்று செங்கல் அடுக்கின மாதிரி இருந்தது. அவ்வளவுதான். அது திரையின் சமாச்சாரம், படம் வந்த இடம் வேறாக இருக்கும் என்று நானாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டேன். சந்தேகம் வந்துவிட்டால் கண்ணெதிரே கிடக்கிற சாட்சிக்குக்கூட வேறு விளக்கம் கிடைத்துவிடுகிறது.

பொங்கலுக்கு அவள் என்னிடம், "பழைய வேஸ்ட் ஷீட் இருந்தாக் குடுங்க பெரியப்பா" என்று ஒரு கட்டு வாங்கிப் போனது ஞாபகம் வந்தது. ரிஜிஸ்டர் சேருகிற வரைக்கும் கழிவுத் தாளிலேயே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்போம். ஒரே தாளில் நாலு லேபிள் ஏறிவிடும். கிளியின் வயிற்றுக்குள்ளிருந்து ரயில் வரும். புஸ்வாணத்துக்கு நடுவே ஒரு குழந்தை சிரிக்கும். அதையெல்லாம் ஸ்கேன் எடுத்துப் பூவை மட்டும் வெட்டிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டாள் என்று கணக்குப் போட்டேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள் அல்லவா?

திங்கட்கிழமை காலையில் முதலாளியிடம் சொல்லிவிட்டேன். அவர் கணக்குப்பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"நல்லாப் பாத்தியாய்யா?"

"நம்ம பழைய மிஷின் விலகல் மொதலாளி. எனக்குத் தெரியாதா?"

"கோயம்புத்தூர்க் கம்பெனி பேரையும் அட்ரஸையும் எழுதிக் குடு. வெள்ளிக்கெழம வக்கீல் வாராரு. ஒரு நோட்டீஸ் விட்டுருவோம்."

அப்போதுதான் எனக்கு அவள் நினைவு வந்தது. "புள்ள பேரு அதுல வரவேணாம் மொதலாளி."

"வரைஞ்சது அவதான? பெறகு யாரு பேரு வரும், ஒம் பேரா?"

நோட்டீஸ் போனால் நிரந்தரம் என்ன, மறுநாளே அவளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். திருட்டுப் படம் கொடுத்தவள் என்று பெயர் வாங்கினால் வேறு எந்தக் கம்பெனி சேர்க்கும்? பெயரும் விலாசமும் நாளைக்குத் தருகிறேன் என்று வெளியே வந்தேன். செவ்வாயும் அதையே சொன்னேன்.

புதன்கிழமை தட்டில் சோற்றைப் போட்டுவிட்டுப் பிசைந்துகொண்டே இருந்ததைப் பார்த்து வீட்டுக்காரி கேட்டுவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"புள்ளட்ட ஒரு வார்த்த கேட்டீகளா?"

"கேட்டா உசாராயிருவா."

"அவ என்ன தெரு முக்குல நிக்கிற களவாணியா? ஒங்க மடியில மூத்திரம் போன புள்ள. நான் வச்ச கொழம்புல உப்பு இருக்கான்னே மூணு பேருட்ட கேப்பீக. இத மட்டும் கேக்காமப் போயிச் சொல்லிட்டு வந்திருக்கீக!"

மாடிப்படி ஏறினேன். ஏறும்போதே குற்றவாளியைப் பிடிக்கப் போகிறவனின் நடைதான் இருந்தது, அதை மறைக்கவில்லை. அவள் வரைந்துகொண்டிருந்தாள். சிவப்பு நிழல், நீல நிழல், பொங்கல் கட்டு, முதலாளி, வக்கீல், எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் அழவில்லை. கேமைத் திறந்தாள். அமைப்புகள் என்ற இடத்துக்குப் போய், ஒரு சின்னக் கட்டத்தைத் தட்டினாள்.

பூக்களைச் சுற்றியிருந்த நிழல் போய்விட்டது. விளிம்பு சுத்தமாக, கத்தியால் நறுக்கியது போல நின்றது. மறுபடி தட்டினாள். நிழல் வந்தது. மறுபடி தட்டினாள். போனது.

"இது வேணும்னே வைக்கிறது பெரியப்பா. கெறக்கமா இருக்கட்டும்னு கண்ணு தடுமாறுறதுக்காக. எத்தனையோ கேம்ல இருக்கு. தல வலிச்சா நிப்பாட்டிக்கிடலாம்."

எத்தனை வருடமாகப் பழுது என்று நான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு திரிந்ததை, ஒருவர் வேண்டுமென்றே செய்து, அதற்கு ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார். நான் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

"அப்ப வேஸ்ட் ஷீட்டு?"

"அதப் பாத்துத்தான் யோசன வந்துச்சு. ஸ்கூல்ல என் நோட்டுக்கெல்லாம் அதத்தான அட்ட போட்டுக் குடுத்தீக? ஒண்ணு மேல ஒண்ணு ஏறுனா எப்படி இருக்கும்னு அதுலதான் கத்துக்கிட்டேன். ஒரு பூவக்கூட எடுக்கல. எல்லாம் நானா வரைஞ்சது." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அத வெளிய விடக் கூடாதுங்கீகளே, வீட்டுக்குக் கொண்டாந்தது யாரு பெரியப்பா?"

அதற்கு என்னிடம் சுவிட்ச் இல்லை.

வியாழக்கிழமை அவளையும் லேப்டாப்பையும் கூட்டிக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். நான் விளையாடிய முதல் பகுதியை, அவள் பேச்சில் முதல் தோட்டத்தை, மட்டும் காட்டலாம் என்று கம்பெனியில் கேட்டு அனுமதி வாங்கியிருந்தாள். எதற்கு என்று அவள் அவர்களிடம் என்ன சொன்னாளோ, நான் கேட்கவில்லை. நான் முதலாளியிடம் என் தப்பைச் சொன்னேன். சுவிட்சைத் தட்டிக் காட்டினேன். அவர் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"திங்கக்கெழம வெலகல்னு சத்தியம் பண்ணுன. இன்னைக்கு இல்லங்குத. புள்ளைய காப்பாத்த மாத்திச் சொல்லுதியோ?"

நியாயமான சந்தேகம்தான். அவர் இடத்தில் நான் இருந்தால் அதைவிடக் கூடுதலாகச் சந்தேகப்பட்டிருப்பேன். வேறு வழியில்லாமல் வேஸ்ட் ஷீட் கதையையும் சொன்னேன். வெட்டாத தாளைப் பல வருடமாக வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டவன் நான்தான் என்றேன்.

"அட படுபாவி! அடுத்த தெருக்காரனுக்கு எப்படிப் போகுதுன்னு நான் மண்டையப் பிச்சுக்கிட்டுக் கெடந்தேன். நீதானா அது?"

"நோட்டு அட்டைக்கு மட்டுந்தான் மொதலாளி."

"அந்த நோட்ட எவன் வீட்டுப் புள்ள பாத்துச்சோ!"

பிறகு அவளிடம் திரும்பினார். "ஒரு தோட்டந்தான் காட்டுத. மிச்சத்த ஏம்மா காட்ட மாட்டேங்குத? அங்கனதான எங்க பூவெல்லாம் இருக்கும்?"

"கம்பெனில இன்னும் வெளியிடல சார். நீங்க ஒங்க டிசைன் ரூமத் தொறந்து எனக்குக் காட்டுவீகளா?"

முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் விடவில்லை. லேபிள் ஒட்டிவைத்த ஆல்பங்களை எடுத்துவரச் சொன்னார். தடித்தடியாக நாலு வந்தன. அவர் ஒரு பக்கம் ஆல்பத்தைப் பார்க்க, அவள் கேமில் ஒவ்வொரு செடியாக வளர்த்துக் காட்ட, மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி ஓடியது. தாமரைக்குத் தாமரை, சூரியகாந்திக்குச் சூரியகாந்தி. என் வேலை பக்கம் புரட்டுவது. ஒவ்வொரு பக்கம் திருப்பும்போதும் ஒரு பூ ஒத்துப்போய்விடுமோ என்று நான்தான் அவருக்கு முந்தி எட்டிப் பார்த்தேன். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை.

நாலாவது ஆல்பத்தை மூடிவிட்டு முதலாளி சொன்னார்: "இல்லவே இல்லன்னு சொல்லல. பாத்த வரைக்கும் இல்ல. வக்கீல வரவேணாம்னு சொல்லிருதேன்." என் பக்கம் திரும்பி, "நீ இனிமே வெறுங்கையோடதான் வீட்டுக்குப் போகணும். வாசல்ல பையப் பாக்கச் சொல்லுதேன்" என்றார். இன்றுவரை சாயங்காலம் என் சாப்பாட்டுத் தூக்குவாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விடுகிறார்கள்.

அடுத்த மாதம் அவள் வேலை நிரந்தரமானது. வீட்டில் பால்பாயசம் வைத்தார்கள். ஆனால் நான் மாடிக்குப் போனால் லேப்டாப் மூடி மெதுவாகத் தாழ்ந்துவிடும். இரண்டாவது தோட்டத்தை விளையாட என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டாள். அவள் "அய்யய்யோ விழுந்துட்டேன், அய்யய்யோ விழுந்துட்டேன்" என்று கத்துகிற சத்தம் கீழே கேட்கும். நான் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பத்தியைப் படித்துக்கொண்டிருப்பேன்.

ஒரு நாள் பொறுக்காமல் போய்க் கேட்டேன். "என்னத்தா, எம்மேல சந்தேகமா?"

"ஆமா பெரியப்பா" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. "ஒங்களுக்கு ஏதாச்சும் தோணுச்சுன்னா மொதல்ல எங்கிட்ட கேக்கணும். கேப்பீகன்னா வெளையாடுங்க."

சரி என்றேன். கருவியைக் கையில் கொடுத்துவிட்டு, பின்னால் நோட்டோடு உட்கார்ந்தாள்.

இரண்டாவது தோட்டத்தின் நடுப்பாறையில் ஒரு பனை நின்றது. பாதி உயரத்தில் பிரிந்து இரண்டு தலை. ஒரு தலையில் மட்டும் ஓலை, மற்றது மொட்டை. பார்த்ததும் எனக்குள் அந்தப் பழைய உறுத்தல் எழுந்தது. இதை எங்கேயோ பார்த்திருக்கிறேன். எந்த லேபிளில்? எந்தக் கம்பெனி? கேட்கலாமா, லென்ஸை எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் தவித்தேன்.

"இத எங்கன பாத்து வரைஞ்ச?"

விளையாடும்போது வாய் திறக்க மாட்டேன் என்ற அவள், பேனாவைக் கீழே வைத்தாள். "மல்லாங்கிணறு ரோட்டுல, கம்மாய்க்கரையில நிக்குமே பெரியப்பா. பஸ்ல போகும்போது பாத்திருக்கேன்."

"ஓ, அப்படியா?" என்று சொல்லிவிட்டுத் தாவினேன்.

நம்பத்தான் செய்தேன். ஆனாலும் அந்த வாரம் மல்லாங்கிணற்றில் ஒரு காது குத்துக்குப் போகவேண்டியிருந்தபோது, பஸ்ஸில் வெயில் அடித்தாலும் கம்மாய் வருகிற பக்கத்து ஜன்னலாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். கம்மாய் வந்ததும் தலையை வெளியே நீட்டினேன். பனை நின்றது. இரண்டு தலை, ஒன்று மொட்டை. பார்த்துவிட்டு வந்ததை அவளிடம் சொல்லவில்லை.