பேசாத மகனும் என் பிரெஞ்சுப் பாடமும்

காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் சென்னை வண்டிக்காகக் காத்திருக்கிறேன். இரண்டு வயதாகியும் பேசாத மகனுக்காகக் கோயிலில் வேண்டிக்கொண்டு, அவன் நாக்கில் தேன் தடவியாயிற்று. பல்கலைக்கழகப் பாடமென்று நான் வீட்டில் பிரெஞ்சு ஒப்பிப்பதுதான் காரணம் என்கிறார் மாமியார். இவன் பேசாவிட்டால் என் படிப்பு நிற்கும். அவர் சொல்வது உண்மையாக இருந்துவிட்டால்?

பட்டுநூல் மூட்டையோடு பக்கத்தில் இருக்கும் நெசவுக்காரப் பெண்ணிடம் சொல்கிறேன். சிரிக்கிறாள்.

“எங்க வூட்ல தெலுங்கு, தெருவுல தமிழும்மா. எம் பொண்ணு மூணு வயசு வரிக்கும் வாயே தொறக்கல. இப்ப மூடச் சொல்லு பாக்கலாம்!”

“எந்த பாஷை முதல்ல வந்தது?”

“வூட்ல எது ஜாஸ்தியா கேட்டுதோ, அதான்.”

மடியிலிருக்கும் மகன் என் வாயையே பார்த்து, பிரெஞ்சு ஒப்பிக்கும்போது நான் குவிப்பதுபோலவே உதட்டைக் குவிக்கிறான்.

“அம்மா சொல்லுடா, அம்மா,” என்கிறேன் அவசரமாக.