செல்வி தள்ளிய ஸ்கூட்டர்

ஒரகடத்தில் நானும் செல்வியும் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவள் தென்காசிப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து இருபது நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சலுக்கு மாத்திரை வாங்க ஒரு நாள் சாயங்காலம் என் ஸ்கூட்டரை எடுத்துப் போய்வந்தாள்.

மறுநாள் காலையில் வண்டியைத் துடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்தேன். கிளம்பவில்லை. கிக்கரை உதைத்து உதைத்துக் கால்தான் வலித்தது.

"இன்னாடி பண்ணி வச்ச?" என்று தெருவே பார்க்கக் கத்தினேன்.

"ஒண்ணும் பண்ணலக்கா. வண்டி ஒரு பள்ளத்துல மட்டும் இறங்கிட்டு," என்றாள் பயந்துபோய்.

மெக்கானிக் கடை வரை காய்ச்சல் உடம்போடு அவளே வண்டியைத் தள்ளினாள். நான் பின்னால் நடந்தேன். அவளுடைய கம்பெனி பஸ் எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

மெக்கானிக் குனிந்து பிளக்கைக் கழற்றும்போதுதான் கவனித்தேன். இன்ஜினை நிறுத்தும் சிவப்பு சுவிட்ச் ஆஃபில் இருந்தது. முந்தின நாள் செல்வி சாவியால்தான் வண்டியை நிறுத்தினாள். அப்போது நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். காலையில் துடைத்தபோது என் கைதான் பட்டிருக்கிறது. யாருக்கும் தெரியாமல் அதை ஆன் செய்தேன்.

வண்டி கிளம்பியது. "பிளக்குல கரி புடிச்சிகினு இருந்துச்சும்மா," என்றார் மெக்கானிக்.

"மன்னிச்சிருங்கக்கா," என்றாள் செல்வி.

"பரவால்ல, இனிமே பார்த்து ஓட்டு," என்றேன்.

அடுத்த வாரம் மழையில் கிளம்பியவளிடம் சாவியை நீட்டினேன். "வேண்டாம்க்கா, என் கை பட்டா ஏதாவது ஆயிரும்," என்று நடந்தே போனாள். அப்போதும் நான் சொல்லவில்லை.

மறைத்ததுகூடப் போகட்டும். அவளை மன்னித்தேனே, அதை நினைத்தால்தான் இன்றும் உடம்பு கூசுகிறது.